பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டரும் கொஞ்சம் வலைக்கயிறும்

செம்பாக்கம்
12 ஏப்ரல் 2024, வெள்ளி

டிக்கெட் அக்காவுக்கு அங்காளம்மா எழுதுவது.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும். போன மாதம் பதினெட்டாம் தேதி, நீங்கள் வந்து இறங்க வேண்டிய நாளில், உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று ஒரு விமானத்துக்குக் கை காட்டினேன். வெறும் கை இல்லை. கொடியில் காயப்போட்டிருந்த உங்கள் மஞ்சள் பூப்போட்ட படுக்கை விரிப்பை உருவி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். நீங்கள் ஜன்னல் ஓரம் இருப்பீர்கள், ஏரி தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் விரிப்பு தெரியும் என்று என் கணக்கு. எதிர் வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜேசன், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்க்கிறாரே, அவர் கீழே பல் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, அது கொழும்பு போற பிளைட்டு. எறங்கல, ஏறுது."

"தெரியும். போறவங்களுக்கும் கை காட்டணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு விரிப்பை மடித்தேன்.

மத்தியானம் கனடாவிலிருந்து உங்கள் மகள் பிளஸ்ஸி போன் செய்தது. டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று, அம்மா இனி இங்கேயே இருப்பார்கள் என்றது. போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். ஊரே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டது. நீங்கள், "நல்லா இருக்கேன் அங்காளம்மா" என்று ஒரு வரி சொன்னீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் கொடுத்தபோது, சில்லறை இல்லை என்று சொல்வீர்களே, அதே குரல். பின்னால் மருமகன் ஃபிரெடி, "பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் ஆன்ட்டி, விளையாட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் விளையாட்டு என்று சொல்லவே இல்லையே.

அதனால்தான் கடிதம். அந்த ஊரில் தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது, சாவி உங்களிடம்தான், தினமும் அதுவரை நடப்பதுதான் உங்கள் நடைப்பயிற்சி என்று முன்பு சொன்னீர்கள். பிளஸ்ஸிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்து கூட்டினாலும் வராது. நாம் நிம்மதியாகப் பேசலாம்.

ஒரே கேள்வி. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இப்போது உங்களுக்கு வர மனசில்லையா, அல்லது விடவில்லையா? மனசில்லை என்றால் விரிப்பைத் துவைத்து பீரோவில் வைத்துவிடுகிறேன். விடவில்லை என்றால் எழுதுங்கள். அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்காளம்மா


கால்கரி
1 மே 2024

அன்புள்ள அங்காளம்மா,

கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரர் பூவராகனையும், அவர் படகையும் காக்கட்டும். உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். சிரித்தேன். இங்கே தெருவில் தனியாக நின்று சிரித்தால் காரை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல் தேநீர் போட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன செப்டம்பரில் வந்தபோது, இருபத்தைந்து மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் இடது கால் வீங்கிவிட்டது. செருப்பைக் கழற்ற முடியாமல் வாரைக் கத்தரியால் வெட்டினார்கள். காலில் இரத்தம் கட்டியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் அனுப்பினார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் பிளஸ்ஸி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அப்பா இல்லாத பிள்ளை. பயந்துவிட்டாள்.

அதிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஃபிரெடி கம்ப்யூட்டரில் எடுத்தது. இந்த விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் நேர்த் தூரம் பன்னிரண்டாயிரத்து எழுநூறு சொச்சம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பதினைந்தரை மணி நேரம் ஆகுமாம். அப்படி நேராகப் போகிற விமானமே கிடையாது. மாறிப் போனால் இருபத்தைந்து, இருபத்தாறு. அதற்குக் கீழே பிளஸ்ஸி சிவப்பு மையில் "வேண்டாம்" என்று தமிழில் எழுதியிருக்கிறாள். அவள் தமிழில் எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் இரண்டும்தான். விடவில்லை என்றுதான் தொடங்கியது. இப்போது எனக்கே பயமாக இருக்கிறது. கன்னியாகுமரிக்கும் கௌஹாத்திக்கும் எத்தனையோ பேருக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறேன். உங்கள் கால் தாங்குமா என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை இப்போது என்னிடம் தினமும் கேட்கிறார்கள்.

ஃபிரெடியின் நண்பர் ஜோனத்தான் ஜூலை முதல் தேதி நம் வீட்டுக்குக் குடிவருகிறார். முன்னாடியே வந்து பார்ப்பார். சாவியை அவரிடம் கொடுத்துவிடு. செம்பருத்தித் தொட்டிகளை நீ எடுத்துக்கொள். மேற்கொண்டு எதுவும் யோசிக்காதே.

தபீதாள்


செம்பாக்கம்
24 மே 2024, வெள்ளி

டிக்கெட் அக்காவுக்கு,

"யோசிக்காதே" என்று எழுதினீர்கள். அதை மட்டும் படிக்கத் தெரியவில்லை. மற்றதெல்லாம் படித்துவிட்டேன்.

இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்ததை எட்டு மாதம் என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். அதற்கு இந்தக் கடிதத்தில் கோபப்பட இடமில்லை. தனியாக ஒரு நாள் ஒதுக்கிக் கோபப்படுவேன்.

ஜோனத்தான் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் ஏரிக்கரையில் வழக்கமான இடத்தில் மீன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

"அங்காளம்மா நீங்கதானே? ஃபிரெடி சொன்னாரு. தபீதாள் ஆன்ட்டி வீட்டுச் சாவி..."

"இங்கதான் சார் கீது."

"குடுங்க."

"பெட்டில கீது. ஐஸுக்கு அடில மத்தி, மத்திக்கு அடில சாவி. கைய வுட்டு எடுத்துக்கோ சார், நான் இன்னா வேணான்னா சொன்னேன்?"

தன் சட்டைக் கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். நல்ல மனிதர்தான். சட்டைக்குத்தான் தைரியம் போதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்தால் கால் வீங்குகிறது, அவ்வளவுதானே? அதை இங்கேயே சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகெல்லாம் கரையில் கிடக்கிறது, எனக்கும் வரத்து குறைவு. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் கடற்கரை வண்டி ஏறினேன். மாதச் சீட்டு இருக்கிறதே, யார் என்ன கேட்பார்கள்? ஏறுவதற்கு முன் பூவராகன் வலை முடைகிற கயிற்றை எடுத்து இடது கணுக்காலில் சுற்றி, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து கடற்கரை ஒரு மணி நேரம். கடற்கரையில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடி வந்தேன். ஒரு காரியத்துக்கு மட்டும் எழும்பூரில் இறங்கி அடுத்த வண்டி பிடித்தேன். மற்றபடி அசையவில்லை.

நாலாவது தடவை வரும்போது ரயில்வே போலீஸ் அம்மா ஒருத்தர் எதிரில் வந்து நின்றார்.

"காலைலேர்ந்து பாக்கறேன். எங்கம்மா போற?"

"கனடாவுக்கு."

"எங்க எறங்குவ?"

"லண்டன்ல ஒருதபா. அப்பால ஒரேடியா."

வீட்டில் யாரிடமாவது பேச வேண்டுமா, போன் நம்பர் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னதும் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மா மதுரையில் இருக்கிறாராம். "அவங்களும் அப்படித்தான், பஸ்ல ஏற மாட்டேன்னு ஒரே அடம்," என்றார். மாம்பலம் வரை அவர் குறையை நான் கேட்டேன்.

மாலை நாலு மணிக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். பதினோரு மணி நேரம். கயிற்றைச் சுற்றிப் பார்த்தேன். பொய் சொல்லப் போவதில்லை. வீங்கியிருந்தது. இரண்டாவது முடிச்சு முதல் முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. கயிற்றை இதோடு வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். மீன் வாசனை அடித்தால் அது கயிற்றின் வாசனை, என்னுடையது இல்லை.

என் கால் தோற்றுவிட்டது. நான் தோற்கவில்லை. சாவி ஐஸில் இருக்கிறது.

அங்காளம்மா


கால்கரி
10 ஜூன் 2024

அன்புள்ள அங்காளம்மா,

பதினோரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னது யார்? ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் பூவராகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இவ்வளவுதான் திட்டு. தாளில் இடம் வேண்டும், சொல்ல நிறைய இருக்கிறது.

கயிறு வந்தது. ஆமாம், வாசனையும் வந்தது. பிளஸ்ஸி வீடு முழுவதும் தேடினாள், எலி செத்திருக்கிறது என்று. நான் கயிற்றைக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை எனக்கு மருத்துவப் பரிசோதனை. இதுவரை டாக்டரிடம் எப்போதும் பிளஸ்ஸிதான் பேசுவாள். நான் மேஜை ஓரத்துப் பூந்தொட்டி மாதிரி இருப்பேன். இந்தத் தடவை பையிலிருந்து கயிற்றை எடுத்து டாக்டரின் மேஜை மேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் சிநேகிதி ஒருத்தி மீன் விற்கிறாள், அவள் எனக்காக ரயிலில் உட்கார்ந்து பார்த்தாள், இது அவள் கால் என்று சொன்னேன். டாக்டர் கயிற்றை எடுத்துப் பார்த்தார். முகர்ந்துவிட்டு வைத்தார். பிறகு சொன்னார், உங்கள் சிநேகிதியின் கால் மட்டுமல்ல, அசையாமல் உட்கார்ந்தால் என் காலும் வீங்கும் என்று.

நான் கேட்டேன், அப்படியானால் நான் போகவே கூடாதா? அவர் பிளஸ்ஸியைப் பார்த்தார். கூடாது என்று நான் சொல்லவில்லையே என்றார். அவர் முன்பு பிளஸ்ஸியிடம் சொன்னது இவ்வளவுதானாம். மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் போக வேண்டாம். இதில் கடைசி வரியை மட்டும் பிளஸ்ஸி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள், அதிலும் பாதியை.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டி முன் நின்றேன். ஒன்பது மாதமாகப் படித்த தாளை அன்றுதான் டிக்கெட் கொடுப்பவளாகப் படித்தேன். நேர்த் தூரம். நேராக எந்த வண்டி போயிருக்கிறது? முதுகு முடியாதவர்கள் கவுண்டரில் வந்து, திருநெல்வேலி வரை தாங்குமா அம்மா என்று கேட்பார்கள். திருச்சியில் இறங்குங்கள், சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் படுங்கள், பிறகு ஏறுங்கள், அதற்கும் விதி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு நானே அதை எழுதிக் கொடுக்கவில்லை.

வரைபடம் எடுத்து உட்கார்ந்தேன். இங்கிருந்து டொராண்டோ நான்கு மணி நேரம். அங்கே என் தங்கை மகள் ஆஷா இருக்கிறாள், மூன்று நாள் காலை நீட்டிப் படுக்கலாம். டொராண்டோவிலிருந்து டெல்லி ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். டெல்லியில் ஒரு நாள் தங்கல். டெல்லியிலிருந்து சென்னை மூன்று மணி நேரத்துக்குள். எல்லாம் கூட்டினால் பதினாறாயிரம் கிலோமீட்டர் வருகிறது. ஃபிரெடியின் தாளை விட மூவாயிரத்துச் சொச்சம் அதிகம். அவர் தூரம் அதிகம் என்கிறார், நான் அதை இன்னும் அதிகமாக்கி வருகிறேன்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அந்தப் பதினான்கு மணி நேரம்தான் உறுத்துகிறது. அதனால் உனக்கு ஒரு வேலை. பதினான்கு மணி நேரம், மூன்று ஸ்டேஷனுக்கு ஒரு முறை எழுந்து பெட்டியின் அந்தக் கோடி வரை நடை. இறுக்கமான காலுறை. நிறையத் தண்ணீர். முடிந்தால் செய். முடியாவிட்டால் விடு.

சாவி ஐஸிலேயே இருக்கட்டும்.

தபீதாள்


செம்பாக்கம்
5 ஜூலை 2024, வெள்ளி

டிக்கெட் அக்காவுக்கு,

முடியாவிட்டால் விடு என்று எழுதினீர்களே, இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னைத் தெரிந்துகொண்டது அவ்வளவுதானா?

முதலில் ஜோனத்தான். ஒன்றாம் தேதி காலையில் சாமான் வண்டியோடு வருவதற்கு முன் நல்ல வேளையாகத் தனியாக வந்தார். இந்தத் தடவை கறுப்புச் சட்டை. யோசித்துத்தான் போட்டிருக்கிறார். போனில் ஃபிரெடியைக் கூப்பிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். அவருக்கு வீடு வேணும். அம்மா வரப்போறதில்ல."

"அத அம்மா சொல்லட்டும் தம்பி. வூடு அவங்க பேர்ல கீதா, ஒன் பேர்லயா?"

"அவங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

"அவங்க நல்லத அவங்க காலாண்ட கேட்டியா? நாங்க கேட்டுக்கினுதான் கீறோம். ரிசல்ட்டு வர வரைக்கும் பொறுத்துக்க."

போனை ஜோனத்தானிடம் கொடுத்தேன். அவர் அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போனார். ராஜகீழ்ப்பாக்கத்தில் வேறு வீடு பார்த்துவிட்டாராம், அங்கே மீன்காரி சரியில்லை என்று இப்போது என்னிடமே வருகிறார்.

காலுறை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. பந்து விளையாடுகிறவர்கள் போடுவது, முழங்கால் வரை வரும், கிளிப்பச்சை. வேறு நிறம் இல்லை. சேலைக்கு அடியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாங்கினேன். எல்லோருக்கும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணி வண்டி. இந்தத் தடவை கூடைக்காரர்கள் ஏறுகிற பெட்டியில் ஏறினேன், அங்கேதான் நடக்க இடம். கீரை விற்கும் சவுரிமுத்து அண்ணன் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நடப்பதும் வந்து உட்காருவதுமாக இருப்பதைப் பார்த்து, வயிறு சரியில்லையா என்று கேட்டார். விவரம் சொன்னேன். அவ்வளவுதான், அந்தப் பெட்டியே கனடா விமானம் ஆகிவிட்டது. மூன்று ஸ்டேஷனுக்கு ஒரு முறை யாராவது கத்துவார்கள்.

"யக்கா, கிண்டி வந்துச்சு, எயுந்து நட."

"தண்ணி குச்சியா? குடி மொதல்ல."

"டெல்லி எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்கோ."

சவுரிமுத்து அண்ணன் கோயம்பேடு போய்க் கீரையை விற்றுவிட்டு மத்தியானம் திரும்ப ஏறியபோது, "இன்னும் ஆகாசத்துலயா கீற?" என்று கேட்டார். மூன்று மணிக்கு அந்தப் போலீஸ் அம்மா ஏறினார். காலைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாலை ஆறரை மணிக்குத் தாம்பரம். மேடையிலேயே காலுறையைக் கழற்றினேன். முடிவைப் பார்க்கவென்று இறங்காமலே வந்த சவுரிமுத்து அண்ணன்தான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். இரண்டாவது முடிச்சு முதல் முடிச்சின் மேலேயே விழுந்தது அக்கா. அரிசி அளவு கூடத் தள்ளவில்லை. பூக்காரி ஒருத்தி கை தட்டினாள்.

புதுக் கயிறு இதில் இருக்கிறது. வெந்நீரில் அலசி வெயிலில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், பிளஸ்ஸி எலி தேட வேண்டாம். இனி உங்கள் பாடு.

அங்காளம்மா


கால்கரி
27 ஜூலை 2024

அன்புள்ள அங்காளம்மா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். என் கையால், கம்ப்யூட்டரில், நானே. எடுத்து முடித்த பிறகுதான் பிளஸ்ஸியிடம் சொன்னேன். அதற்கு முன் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் எடுத்திருக்க மாட்டேன்.

கோபத்தில் அவள் தட்டுகளைக் கழுவினாள், கழுவிய தட்டுகளையே மறுபடியும் கழுவினாள்.

"ஏம்மா, நான் உன்னை நல்லாப் பாத்துக்கலையா?"

"நல்லாத்தான் பாத்துக்கறே."

"அப்புறம் ஏன்? அங்க உனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்," என்றேன். "இங்க நான் உன் அம்மா மட்டும்தான். அங்க தெருவுக்கே தெரிஞ்ச ஆளு."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலாம். இங்க உக்காந்திருந்தாலும் ஆகலாம். நான் போறேன் பிளஸ்ஸி. கேட்டுக்கிட்டுப் போறதா இல்ல, சொல்லிட்டுப் போறேன்."

இவ்வளவு வருடத்தில் நான் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபிரெடி அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிளஸ்ஸி உன் புதுக் கயிற்றோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கணுக்காலைச் சுற்றி அளந்து, தன் கையால் ஒரு முடிச்சுப் போட்டாள். நன்றாகவே இறுக்கிப் போட்டாள். அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியில் தாள் இல்லை. காந்தம் மட்டும் இருந்தது.

பயண விவரம். ஆகஸ்ட் 24 இங்கிருந்து டொராண்டோ. ஆஷா வீட்டில் மூன்று நாள். 27 டொராண்டோவிலிருந்து டெல்லி, அங்கே ஒரு நாள் தங்கல். 29 வியாழக்கிழமை காலை 11.10க்குச் சென்னை. இங்கத்திய போன் அங்கே வேலை செய்யாது. நீ வாசலில் நின்றால் சந்தோஷம். இல்லாவிட்டால் நானே டாக்சி பிடித்து வந்துவிடுவேன். சாவி மட்டும் முக்கியம். மாடியில் ஏறி விரிப்பை ஆட்டாதே.

கீழே பிளஸ்ஸி உனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள். எழுத்துக் கூட்ட அரை மணி நேரம் ஆயிற்று. நான் திருத்தவில்லை.

தபீதாள்

அங்காளம்மா அக்கா, அம்மா காலை தினம் கயிரு வைத்து அளந்து எனக்கு சொல்லவும். பிளஸ்ஸி.


செம்பாக்கம்
31 ஆகஸ்ட் 2024, சனி

டிக்கெட் அக்காவுக்கு,

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான். இருந்தும் கடிதம் எழுதுகிறேன். வியாழக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு, "கவுண்டர் மூடியாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். இரண்டு நாளாகத் திறக்கவில்லை. இதை நெத்திலியோடு கதவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறேன். நெத்திலியை உடனே எடுங்கள், பூனை இருக்கிறது. கடிதத்தை மெதுவாகப் படிக்கலாம்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். நான் வீட்டில் தூங்கிவிடவில்லை. பத்தேமுக்காலுக்கே தாம்பரத்தில் வண்டி ஏறிவிட்டேன். திரிசூலம் நாலாவது ஸ்டேஷன், இறங்கினால் எதிரே விமான நிலையம். கையில் ஐஸ் பெட்டி. அதில் உங்களுக்கென்று ஒரு வஞ்சிரம், அதற்கு அடியில் சாவி. காலில் பச்சைக் காலுறையும் போட்டுக்கொண்டேன், நீங்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான். பெட்டிக்குள் ஏறியதும் சவுரிமுத்து அண்ணன், "இன்னிக்கு ஒங்க டிக்கெட்டம்மா எறங்கறாங்க இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். பல்லாவரத்தில் எழுந்து அந்தக் கோடி வரை நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். செயின்ட் தாமஸ் மவுண்டில் எழுந்து நடந்தேன். மாம்பலத்தில் எழுந்து நடந்தேன். இறங்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜன்னலில் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடற்கரையிலிருந்து திரும்பித் திரிசூலத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். விமான நிலைய வாசலில் உங்களைத் தேடினேன், தேடினேன், ஒவ்வொரு வெள்ளை முடியையும் எட்டிப் பார்த்தேன். பெட்டி ஏற்றும் ஜேசன் வெளியே வந்து, "அக்கா, அவங்க அப்பவே டாக்சில போயிட்டாங்களே, நான்தான் பெட்டிய தூக்கி வெச்சேன். நல்லா நடந்துதான் போனாங்க," என்றார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நடந்துதான் போனாங்க என்ற வார்த்தைக்கு அவருக்கு அரை வஞ்சிரம் கொடுத்திருப்பேன். அது உங்களுடையது என்பதால் கொடுக்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது இரண்டரை மணி. நீங்கள் கேட் வெளியே, பெட்டி மேல், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பதினாறாயிரம் கிலோமீட்டர் தனியாக வந்து, சொன்ன நிமிடத்துக்கு இறங்கியிருக்கிறீர்கள். நான் தாம்பரத்திலிருந்து நாலு ஸ்டேஷன் போய் இறங்கவில்லை. இதற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அப்புறம் எட்டு மாதம் மறைத்ததற்கு நான் கோபப்பட முடியாமல் போய்விடும். அதது அப்படியே இருக்கட்டும், இரண்டு பேரும் சரிக்குச் சரி.

நேற்று சாயங்காலம் ஏரிக்கரையிலிருந்து பார்த்தேன். உங்கள் மாடியில் மஞ்சள் விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. நான் போடவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பிளஸ்ஸி நம்ம ஜேசனின் போனில் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டுவிட்டது, அம்மாவின் கால் அளவு என்ன என்று. டெல்லியில் அளந்தபோதும், இங்கே விமான நிலையத்தில் அளந்தபோதும் முடிச்சு அப்படியே இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதன் பிறகு சாவிக்காகக் கேட் வாசலில் பெட்டி மேல் எழுந்து நடக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவைத் திறப்பதற்கு முன் அங்கேயே நான் கயிற்றைச் சுற்றிப் பார்த்தேன். அரை விரல் வீங்கியிருந்தது. பிளஸ்ஸிக்கு இதில் எந்த அளவைச் சொல்வது, கதவைத் திறந்து சொல்லுங்கள்.

அங்காளம்மா